அடக்குமுறை அரசுக்குக் கடன் கொடுத்த வங்கியிடம் இழப்பீடு கேட்க முடியுமா?

ஏற்காட்டில் வசிக்கும் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம்:

"எங்கள் கொள்ளுத்தாத்தாவின் தம்பி, ஓமலூர் வட்டத்திலிருந்து கரும்புத் தோட்டக் கூலியாக நேட்டாலுக்குக் கப்பலேறியவர். அவருடைய கொள்ளுப்பேரன், எனக்குப் பங்காளி முறையில் அண்ணன், தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறார். வயது 79. தொழிற்சங்கத்தில் இருந்ததற்காக 1986-ஆம் ஆண்டு அவசரநிலையின்போது விசாரணையே இல்லாமல் ஒன்பது மாதம் அடைத்து வைத்தார்கள். அடித்ததில் இடது காது கேட்காமல் போய்விட்டது. வெளியே வந்தபோது வேலையும் இல்லை. அந்த அரசாங்கம் வெளிநாட்டு வங்கிகள் கொடுத்த கடனில்தான் நடந்தது என்றும், அந்த வங்கிகள் இன்றும் செழிப்பாக இருக்கின்றன என்றும் அண்ணன் சொல்கிறார். அவர்களிடம் இழப்பீடு கேட்க முடியுமா? அவற்றில் சிலவற்றுக்கு நம் ஊர்களிலும் கிளைகள் இருப்பதால் நான் சேலத்திலோ சென்னையிலோ வழக்குப் போடலாமா? பதிவுக் கட்டணம் கட்டினால் பங்கு வாங்கித் தருகிறேன் என்று அங்கே ஒருவர் சொல்கிறாராம், நம்பலாமா? இத்தனை வருடம் கழித்துப் பணம் கேட்பது நமக்கு மரியாதையாக இருக்குமா என்றும் ஒரு தயக்கம் இருக்கிறது."

அன்புள்ள அம்மா அவர்களுக்கு, வணக்கம்.

நீங்கள் இணைத்து அனுப்பிய கடித நகல்களை இரண்டு முறை படித்தேன். 1987-இல் அண்ணன் எழுதி, லண்டன் சென்ற உறவினர் ஒருவர் அங்கிருந்து தபாலில் சேர்த்த அந்த நான்கு பக்கக் கடிதத்தில் ஓர் இடம் என்னை நிறுத்திவிட்டது. தன்னை ஏற்றிச் சென்ற போலீஸ் வண்டியின் முன்பக்கத்தில் இருந்த கம்பெனி அடையாளத்தை, உள்ளே ஏற்றும் வரை தலையைக் குனிந்து நிற்கச் சொன்ன அரை மணி நேரமும் பார்த்துக்கொண்டே நின்றதாக எழுதியிருக்கிறார். வங்கியைப் பற்றிய உங்கள் கேள்விக்கு வருவதற்கு முன் அந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வகை வழக்குகளில் நீதிமன்றங்கள் எதைத் தேடுகின்றனவோ அது அந்த வரியில்தான் இருக்கிறது.

முதலில் நேரான பதில். சேலத்திலோ சென்னையிலோ இந்த வழக்கைத் தொடுக்க முடியாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவின்படி, பிரதிவாதி வசிக்கும் அல்லது தொழில் நடத்தும் இடத்திலோ, வழக்கு மூலம், அதாவது வழக்குக்குக் காரணமான சம்பவம், எழுந்த இடத்திலோதான் வழக்குப் போட வேண்டும். ஒரு நிறுவனத்துக்கு ஓர் ஊரில் கிளை இருக்கிறது என்பது மட்டும் போதாது. அந்த ஊரில் எழுந்த வழக்கு மூலமாக இருந்தால்தான் அந்தக் கிளையைக் காட்டி அங்கே வழக்கு நடத்தலாம். கைது நடந்தது டர்பனில், கடன் கைமாறியது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும். நம் ஊர்க் கிளை இதில் எங்கும் வரவில்லை. காலக்கெடுவும் எதிராக நிற்கிறது. நமது 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி இத்தகைய கோரிக்கைகளுக்குப் பெரும்பாலும் மூன்று ஆண்டுகளுக்கு மேல் இடமில்லை. தென்னாப்பிரிக்காவின் 1969-ஆம் ஆண்டுச் சட்டமும் சாதாரணக் கோரிக்கைகளுக்கு மூன்று ஆண்டுகளையே தருகிறது. ஆகவே நீங்கள் இங்கே கட்டும் ஒவ்வொரு ரூபாய் நீதிமன்றக் கட்டணமும் வீண். யாராவது ஒரு வழக்கறிஞர் முடியும் என்று சொன்னாலும் கட்டாதீர்கள்.

ஆனால் அண்ணனின் கேள்வி தவறான கேள்வி என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். அது சரியான கேள்வி; உலகத்தின் பெரிய நீதிமன்றங்கள் எழுபது ஆண்டுகளுக்கும் மேலாகத் திணறிக்கொண்டிருக்கும் கேள்வி.

கடன் கொடுத்தவர் வெறும் வியாபாரி, வாங்கியவர் செய்ததற்கு அவர் என்ன செய்வார் என்பதுதான் வங்கிகள் எப்போதும் சொல்லும் வாதம். தென்னாப்பிரிக்க விஷயத்தில் இந்த வாதத்தை 1985-ஆம் ஆண்டே உடைத்துவிட்டது. அந்த ஆண்டு ஜூலையில் அங்கே பகுதி அவசரநிலை அறிவிக்கப்பட்டது. மாத இறுதியில் நியூயார்க்கின் சேஸ் மன்ஹாட்டன் வங்கி, முதிர்ந்த குறுகியகாலக் கடன்களைப் புதுப்பிக்க மறுத்தது. சீர்திருத்தம் வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்திருந்த ஆகஸ்ட் 15-ஆம் தேதி உரையில் அதிபர் போத்தா பிடிவாதம் காட்டினார், மற்ற வங்கிகளும் பின்வாங்கின, அந்நாட்டு நாணயமான ராண்ட் சரிந்தது. செப்டம்பர் முதல் நாள் அந்த அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக அறிவிக்க வேண்டி வந்தது. ஐக்கிய நாடுகள் சபையின் எத்தனையோ தீர்மானங்களுக்கு அசையாத ஆட்சி, கடன் நின்ற ஐந்தே வாரத்தில் தடுமாறியது. கடனை நிறுத்தியபோது அத்தனை வலி ஏற்பட்டது என்றால், அதற்கு முந்தைய ஆண்டுகளில் கொடுத்துக்கொண்டிருந்தபோது அத்தனை பலமும் அந்தக் கடனிலிருந்தே வந்தது என்றுதானே பொருள்?

தெரியாது என்று சொல்லவும் அவர்களுக்கு வழியில்லை. தென்னாப்பிரிக்காவோடு வணிக உறவை இந்தியா 1946-லேயே முறித்துக்கொண்டது. ஐ.நா. பொதுச்சபை 1966-இல் நிறவெறியை மனித குலத்துக்கு எதிரான குற்றம் என்றது. பாதுகாப்பு சபை 1977-இல் ஆயுத விற்பனைக்குக் கட்டாயத் தடை விதித்தது. பிரிட்டனில் மாணவர்கள் பார்க்ளேஸ் வங்கியில் கணக்கு வைக்காதீர்கள் என்று ஆண்டுக்கணக்கில் போராடினார்கள்; 1986-இல் அந்த வங்கி தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேறியது. தெருவில் நின்ற மாணவனுக்குத் தெரிந்தது வங்கி இயக்குநர் குழுவுக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது.

தெரிந்திருந்தது என்பது ஒன்று. பொறுப்பாளி ஆக்குவது இன்னொன்று. இதை என் சொந்த அனுபவத்திலிருந்து சொன்னால் உங்களுக்கு எளிதில் விளங்கும். தொண்ணூறுகளில் சேலத்துக்கு அருகே ஒரு கல்குவாரியிலிருந்து விடுவிக்கப்பட்ட கொத்தடிமைக் குடும்பங்களுக்காக நான் வாதாடினேன். குவாரி முதலாளியிடம் பிடுங்க எதுவும் இல்லை. அவருக்குப் பணம் கொடுத்த ஃபைனான்ஸ்காரர் ஒருவர் இருந்தார். வருவாய்க் கோட்டாட்சியரின் விசாரணையில் அவருடைய பேரேடு ஒன்று கிடைத்தது. சிவப்புத் துணி அட்டை போட்ட நீளவாக்குப் பேரேடு. அதில் முதலாளியின் பெயருக்குக் கீழே ஒவ்வொரு தொழிலாளியின் பெயரும், தலைக்கு எவ்வளவு முன்பணம் என்ற தொகையும், ஒரு பெண்ணின் பெயருக்கு நேரே 'பிரசவம், இரண்டு மாதம் கழிவு' என்ற குறிப்பும் இருந்தன. பணம் எதற்குப் போகிறது என்று அவருக்குத் தெரியாது என்று இனி யார் சொல்ல முடியும்? 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு கொத்தடிமைக் கடன் கொடுப்பதையே குற்றமாக்குகிறது. 20-ஆம் பிரிவு உடந்தையாக இருப்பதையும் அதே அளவில் தண்டிக்கிறது. இரண்டையும் எடுத்துக் காட்டி வாதாடினேன். முதலாளி மீது நடவடிக்கை வந்தது. ஃபைனான்ஸ்காரரை யாரும் தொடவில்லை. அந்தப் பெண்ணுக்கு நான் சொல்ல வேண்டியிருந்த பதிலை இன்றும் மறக்கவில்லை. ஆனாலும் அந்தப் பேரேடு எனக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்தது. பணம் கொடுத்தவரைப் பிடிக்க வேண்டுமானால், அவர் கெட்டவர் என்று காட்டுவது உதவாது. அவருடைய பணம் எந்தக் கையால் எந்த உடம்பைத் தொட்டது என்று காட்டும் தாள் வேண்டும்.

உலக அளவிலும் இதேதான் நடந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, நாஜி வதைமுகாம்களுக்கு நச்சு வாயு விற்ற புரூனோ டெஷ் என்ற வியாபாரியை ஹாம்பர்க்கில் பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றம் விசாரித்து 1946-இல் தூக்கிலிட்டது. வாயு எதற்குப் போகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது என்பது நிரூபணமாயிற்று. ஆனால் 1949-இல் நூரம்பர்க்கில், நாஜிகளின் ஆயுதப்படையான எஸ்.எஸ். அமைப்பின் நிறுவனங்களுக்குக் கடன் வழங்கிய டிரெஸ்ட்னர் வங்கியின் கார்ல் ராஷே மீதான வழக்கில், கடன் கொடுத்ததை மட்டும் வைத்து அவரைக் குற்றவாளி என்று சொல்ல நீதிபதிகள் மறுத்துவிட்டார்கள். கொள்ளையடிப்பில் பங்கு போன்ற வேறு குற்றங்களுக்காகவே அவருக்குத் தண்டனை கிடைத்தது. பொருள் விற்றவனுக்குக் கயிறு, பணம் கொடுத்தவனுக்கு விலக்கு. அந்தக் கோடு சரியான கோடு அல்ல என்பது என் உறுதியான கருத்து. ஆனாலும் அந்தக் கோடு அறுபது ஆண்டுகள் கழித்து உங்கள் அண்ணனின் நாட்டு வழக்கிலும் வந்து நின்றது.

அந்த வழக்கைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். அண்ணனுக்கும் படித்துக் காட்டுங்கள். 2002-இல் தென்னாப்பிரிக்காவில் பாதிக்கப்பட்டோரின் குலுமானி ஆதரவுக் குழுவும், வேறு சில வாதிகளும் தனித்தனியாக, அமெரிக்காவின் 1789-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றைப் பயன்படுத்தி, அங்கே வங்கிகள், எண்ணெய்க் கம்பெனிகள், கார் கம்பெனிகள், கணினிக் கம்பெனிகள் மீது வழக்குத் தொடுத்தார்கள். அன்னியர் ஒருவர் பன்னாட்டுச் சட்ட மீறலுக்காக அமெரிக்க நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்க வகை செய்யும் பழைய சட்டம் அது. மனதைப் புண்படுத்தும் ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: அப்போதைய தென்னாப்பிரிக்க அரசே, அதாவது விடுதலைக்குப் பின் வந்த அரசே, முதலீடு பாதிக்கும் என்று சொல்லி 2003-இல் இந்த வழக்குகளை எதிர்த்து எழுதிக் கொடுத்தது. 2004-இல் வழக்குகள் தள்ளுபடியாயின. 2007-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், உடந்தையாக இருந்ததற்காகவும் வழக்குத் தொடுக்கலாம் என்று சொல்லி அவற்றுக்கு உயிர் கொடுத்தது. கம்பெனிகள் உச்ச நீதிமன்றத்துக்கு ஓடின. அங்கே நடந்தது நினைவில் வைக்கத்தக்கது. ஒன்பது நீதிபதிகளில் நான்கு பேர் விலகிக்கொண்டார்கள்; மூவரிடம் பிரதிவாதிக் கம்பெனிகளின் பங்குகள் இருந்தன, நான்காமவரின் மகன் பிரதிவாதி வங்கி ஒன்றில் வேலை பார்த்தார். விசாரிக்கத் தேவையான ஆறு பேர் தேறாததால் 2008-இல் கீழ்த் தீர்ப்பே நிலைத்தது.

2009 ஏப்ரலில் கீழ் நீதிமன்ற நீதிபதி ஷைண்ட்லின், வங்கிகளை வழக்கிலிருந்து விடுவித்தார். கடன் கொடுப்பதற்கும் கொடுமைக்கும் இடையே போதிய நெருக்கம் இல்லை என்றார். ராஷேயும் டெஷும் மீண்டும் மேற்கோளானார்கள். போலீஸுக்கும் ராணுவத்துக்கும் வண்டியோ ஆயுதமோ கொடுத்ததாகவும், கறுப்பின மக்களின் குடியுரிமையைப் பறிக்கும் அடையாள அட்டைகளுக்குக் கணினி கொடுத்ததாகவும் குற்றம் சாட்டப்பட்ட கம்பெனிகள் மட்டும் வழக்கில் நின்றன. அந்த ஆண்டே தென்னாப்பிரிக்க அரசு தன் நிலையை மாற்றிக்கொண்டு, வழக்கு நடக்கட்டும் என்று எழுதியது. திவாலாகியிருந்த ஜெனரல் மோட்டார்ஸ், 2012-இல் 15 லட்சம் டாலர் வரையிலான ஒரு சமரசத்துக்கு வந்தது. இத்தனை போராட்டத்திலும் கைக்கு வந்தது அது ஒன்றுதான். 2013 ஏப்ரலில், நைஜீரியர்கள் ஷெல் நிறுவனத்தின் மீது தொடுத்த கியோபெல் வழக்கில், அந்நிய மண்ணில் நடந்ததற்கு அந்தப் பழைய சட்டம் பொருந்தாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. எஞ்சியிருந்த ஃபோர்டு, ஐ.பி.எம். மீதான வழக்கு 2014-இல் தள்ளுபடியாகி, 2016-இல் உச்ச நீதிமன்றமும் கேட்க மறுத்ததோடு முடிந்தது. பதினான்கு ஆண்டுகள். வாதிகளில் சிலர் தீர்ப்பைப் பார்க்காமலே இறந்து போனார்கள். 2018-இல் வந்த இன்னொரு தீர்ப்பு, அந்தச் சட்டத்தின்கீழ் வெளிநாட்டுக் கம்பெனிகள் மீது வழக்கே போட முடியாது என்று கதவை முழுவதுமாகச் சாத்தியது.

வண்டியின் முன்பக்க அடையாளத்தை நினைவில் வைக்கச் சொன்னது இதனால்தான். அண்ணன் வங்கியைக் கேட்கிறார். நீதிமன்றங்கள் வண்டியைத்தான் கேட்டன.

இனி, நீதிமன்றத்தில் தோற்றும் இழப்பீடு வந்த ஒரு சம்பவத்தையும் சொல்லியாக வேண்டும். நாஜி காலத்தில் ஜெர்மன் தொழிற்சாலைகளில் கட்டாய வேலை வாங்கப்பட்டவர்கள், 1998 முதல் அமெரிக்காவில் வழக்குகள் போட்டார்கள். அவற்றில் முக்கியமான சில 1999-இல் தள்ளுபடியாயின. ஆனாலும் அந்த வழக்குகள் கிளப்பிய வெளிச்சத்தைத் தாங்க முடியாமல் ஜெர்மன் தொழில்துறையும் அரசும் பேச்சுவார்த்தைக்கு வந்தன. 2000-ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றி, தொழில்துறை 500 கோடி மார்க், அரசு 500 கோடி மார்க் என்று போட்டு அறக்கட்டளை அமைத்தார்கள். 6,500 கம்பெனிகள் பணம் போட்டன. போரின்போது பிறந்தே இராத கம்பெனிகளும் அதில் உண்டு. 2007-க்குள் 16 லட்சத்து 60 ஆயிரம் பேருக்கு 440 கோடி யூரோ போய்ச் சேர்ந்தது. தலைக்கு வந்தது சிறு தொகைதான். ஆனால் ஒவ்வொருவரும் எந்தத் தொழிற்சாலை, எந்த ஆண்டு என்று ஏதாவது சான்று காட்ட வேண்டியிருந்தது. வேலை அட்டையையோ கடிதத்தையோ பத்திரமாக வைத்திருந்தவர்களுக்கு அது எளிதாயிற்று. பிரேசிலிலும், ராணுவ ஆட்சியோடு ஒத்துழைத்ததற்காக ஃபோக்ஸ்வாகன் 2020-இல் 3 கோடியே 63 லட்சம் ரெயால் தர ஒப்புக்கொண்டது.

வங்கி விஷயத்திலும் அண்மையில் ஒரு திருப்பம் வந்திருக்கிறது. சூடானில் ஓமர் அல்-பஷீரின் ஆட்சிக்கு டாலர் வழி திறந்துவிட்ட பிரெஞ்சு வங்கியான பி.என்.பி. பரிபா, தடைகளை மீறியதை 2014-இல் அமெரிக்காவில் ஒப்புக்கொண்டு ஏறத்தாழ 900 கோடி டாலர் அபராதம் கட்டியது. அந்தப் பணத்தில் பாதிக்கப்பட்ட சூடானியர்களுக்கு ஒன்றும் வரவில்லை. அகதிகளாக அமெரிக்கா வந்த சூடானியர்கள் 2016-இல் தனியாக வழக்குத் தொடுத்தார்கள். 1789-ஆம் ஆண்டுச் சட்டத்தை நம்பாமல், சாதாரண உரிமையியல் சட்டத்தின்மேல் வழக்கைக் கட்டினார்கள்; வங்கியின் ஜெனீவா நிறுவனம் வழியே நடந்ததால் சுவிட்சர்லாந்தின் சட்டமே பொருந்தும் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. 2025 அக்டோபரில் நியூயார்க் நீதிமன்றத்தின் குடிமக்கள் நடுவர் குழு, வங்கியின் சேவை இல்லாமல் அந்த அரசால் இந்தக் கொடுமையைச் செய்திருக்க முடியாது என்ற வாதத்தை ஏற்று, மூன்று பேருக்கு 2 கோடி டாலருக்கும் மேல் இழப்பீடு அறிவித்தது. மேல்முறையீடு செய்வதாக வங்கி சொல்லிவிட்டது. ஆகவே இது இறுதி அல்ல. உங்கள் அண்ணனுக்கு இது நேராக உதவாது: அந்த வழக்கில் வங்கியே கையெழுத்திட்டுக் கொடுத்த ஒப்புதல் இருந்தது, நம்மிடம் அப்படி ஒரு தாள் இல்லை, காலமும் கடந்துவிட்டது. ஆனாலும், கடன் வேறு கொடுமை வேறு என்ற 1949-ஆம் ஆண்டுக் கோடு அழிக்க முடியாத கோடு அல்ல என்பதைப் பன்னிரண்டுக்கும் குறைவான சாதாரணக் குடிமக்கள் சேர்ந்து சொல்லியிருக்கிறார்கள் என்பதை அண்ணன் அறிய வேண்டும்.

தென்னாப்பிரிக்க அரசிடமே கேட்பது பற்றி. பேராயர் டுட்டுவின் தலைமையில் அமைந்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம், 1997 நவம்பரில் தொழில்துறையினருக்கென்றே தனி விசாரணை நடத்தியது. கம்பெனிகளின் பங்கை அது மூன்று படியாகப் பிரித்தது: நிறவெறிக் கொள்கையை வகுப்பதிலேயே கை கொடுத்தவை, தம் பொருளோ சேவையோ அடக்குமுறைக்குப் பயன்படும் என்று அறிந்தே கொடுத்தவை, அந்த அமைப்பில் பிழைத்து லாபம் பார்த்தவை. வங்கிகளை இரண்டாம் படியில் வைத்துப் பேசியது அந்த அறிக்கை. தொழில்துறை மீது ஒருமுறை வரி போடலாம் என்ற யோசனையையும் ஆணையம் முன்வைத்தது, அரசு ஏற்கவில்லை. பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆறு ஆண்டுகள் ஆண்டுதோறும் உதவித்தொகை என்று ஆணையம் சொன்னதை, 2003-இல் ஒரே தவணையாக 30,000 ராண்ட் என்று அரசு சுருக்கியது. அதுவும் ஆணையத்தின் முன் உரிய காலத்தில் வாக்குமூலம் கொடுத்து, பட்டியலில் பெயர் ஏறியவர்களுக்கு மட்டும். அண்ணன் வாக்குமூலம் கொடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். என்னைவிடப் பட்டவர்கள் எத்தனையோ பேர், அவர்கள் வரிசையில் நான் நிற்பதா என்று அவர் ஒதுங்கியதாகச் சொல்கிறீர்கள். நம் ஆட்களின் அந்தக் கூச்சத்தை நான் நாள்தோறும் என் அலுவலகத்தில் பார்க்கிறேன். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பட்டியல் மூடப்பட்டுவிட்டது. அதைத் திறக்க வேண்டும் என்று குலுமானி போன்ற அமைப்புகள் தொடர்ந்து கேட்டு வருகின்றன. திறந்தால், அன்று கையில் ஆவணத்தோடு நிற்பவர்களுக்குத்தான் வழி.

அதனால் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். தென்னாப்பிரிக்காவின் 2000-ஆம் ஆண்டுத் தகவல் பெறும் சட்டம், நமது 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தைவிட ஒரு விதத்தில் வலிமையானது: ஒருவரின் உரிமையை நிலைநாட்டத் தேவைப்பட்டால் தனியார் நிறுவனங்களிடமும் ஆவணம் கேட்கலாம். அண்ணன் தம்முடைய தடுப்புக்காவல் கோப்பைக் கேட்டுக் காவல்துறைக்கும் தேசிய ஆவணக் காப்பகத்துக்கும் முதலில் எழுதட்டும். பிறகு, தன்னை வேலையிலிருந்து நீக்கிய தொழிற்சாலை இன்னும் இருந்தால், பணிப்பதிவேட்டைக் கேட்டு அதற்கும் எழுதட்டும். தொழிற்சங்கக்காரர்களின் பெயர்களை முதலாளிகள் போலீஸுக்குக் கொடுத்த சம்பவங்கள் உலகெங்கும் உண்டு. அர்ஜென்டினாவில் ஃபோர்டு தொழிற்சாலையின் முன்னாள் அதிகாரிகள் இருவர், தம் தொழிலாளர்கள் 24 பேரின் கடத்தலில் உடந்தையாக இருந்ததற்காக 2018-இல் தண்டனை பெற்றார்கள். வங்கியைவிட அந்தத் தொழிற்சாலைதான் அண்ணனுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கலாம். இந்த விண்ணப்பங்களை எழுத, டர்பனில் அலுவலகம் உள்ள லீகல் ரிசோர்சஸ் சென்டர் என்ற பொதுநலச் சட்ட அமைப்பை அணுகச் சொல்லுங்கள். 1979 முதல் இயங்கி வரும் அமைப்பு அது. பதிவுக் கட்டணம் கேட்கும் அந்த நபருக்கு ஒரு ராண்டும் கொடுக்க வேண்டாம். வங்கிகளின் பணத்தைப் பங்கு பிரிக்க இன்று எந்த நிதியும் இல்லை. இல்லாத நிதியில் பங்கு வாங்கித் தருவதாகச் சொல்பவர் ஏமாற்றுகிறார்.

அண்ணனின் வாக்குமூலத்தை இந்த மாதமே எழுதி வாங்குங்கள். ஆங்கிலத்தில் எழுத அவர் தயங்கினால், அவர் பேசுவதைப் பேரப்பிள்ளைகள் ஒலிப்பதிவு செய்து, பிறகு தட்டச்சு செய்து, அங்கே உறுதிமொழி ஆணையர் முன் கையெழுத்திடட்டும். என்ன செய்தார்கள் என்பதோடு நிறுத்தாமல், எந்த வண்டி, எந்தக் கட்டடம், மேசையில் என்ன இயந்திரம், தாளில் எந்த முத்திரை என்று பொருள்களைச் சொல்லச் சொல்லுங்கள். காது மருத்துவரின் சான்றும் உடன் வேண்டும்.

உங்கள் பங்கு ஏற்காட்டிலேயே இருக்கிறது. கடிதங்கள் தகரப் பெட்டியில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மலையில் வருடத்தில் பாதி நாள் பனிமூட்டம். தகரம் வேர்க்கும், தாள் பூசணம் பிடிக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனி வெள்ளைத் தாள் உறைக்குள் போட்டு, நிலத்தில் படாமல் மர அலமாரியில் வையுங்கள். தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று நினைத்துப் பழைய பத்திரங்களை லேமினேட் செய்து கொண்டுவருபவர்களைப் பார்த்துப் பார்த்து நான் களைத்திருக்கிறேன். உருக்கி ஒட்டிய பிறகு அந்தத் தாளின் மையையோ நாரையோ யாரும் சோதிக்க முடியாது. உறைகளைத் தூக்கி எறியாதீர்கள். கடிதத்தைவிட உறைக்குச் சில சமயம் மதிப்பு அதிகம். கைப்பேசியில் எடுத்த படங்களை நீதிமன்றத்தில் காட்ட, 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். எந்தக் கருவியில், எந்தத் தேதியில் எடுத்தீர்கள் என்பதை இப்போதே குறித்து வையுங்கள். அந்தக் கடிதங்கள் எப்படி உங்கள் கைக்கு வந்தன என்று நீங்களே ஒரு பிரமாணப் பத்திரம் தர வேண்டும். நோட்டரி சான்றுக்குப் பின் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை (பன்னாட்டு உடன்படிக்கை ஒன்றின்படி ஆவணத்தை வெளிநாட்டில் செல்லச் செய்யும் சான்று) பெற்றால் தென்னாப்பிரிக்காவில் அது செல்லும். இரு நாடுகளும் அந்த உடன்படிக்கையில் இருக்கின்றன. கடிதங்களின் ஒரு பிரதியை டர்பனில் குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதூலி ஆவண மையத்துக்குக் கொடுக்கலாம். உங்கள் கொள்ளுத்தாத்தாவின் தம்பி ஏறிய கப்பலின் பட்டியலையும் அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அந்தப் பட்டியல்களில் மாவட்டம், வட்டம், கிராமம் எல்லாம் எழுதப்பட்டிருக்கும். சேலம் மாவட்டத்தார் அவற்றில் நிறையப் பேர்.

பணம் கேட்பது மரியாதையா என்ற உங்கள் தயக்கத்துக்கு வருகிறேன். லாரி மோதிக் கால் போனவர் இழப்பீடு கேட்டால் நாம் யாரும் முகம் சுளிப்பதில்லை. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் காலுக்கு இவ்வளவு, கண்ணுக்கு இவ்வளவு என்று நாள்தோறும் எழுதுகிறோம். அரசாங்கம் அடித்துக் காது போனவர் கேட்டால் மட்டும் ஏன் அது பேராசை ஆக வேண்டும்? அந்த ஆட்சிக்குக் கொடுத்த கடனுக்கு வங்கிகள் வட்டி வாங்கியிருக்கின்றன. அந்த வட்டியில் ஒரு பங்கு உங்கள் அண்ணனின் ஒன்பது மாதத்திலிருந்து வந்தது. அதைத் திருப்பிக் கேட்பவர் எதற்கும் கூச வேண்டியதில்லை. கிடைக்குமா என்று கேட்டால், வங்கியிடமிருந்து அவர் காலத்தில் கிடைக்காது என்றே நினைக்கிறேன். இதை அவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நாலு நாள் வருத்தப்படுவார். பொய்யான நம்பிக்கையில் இன்னும் நாலு வருடம் காத்திருப்பதைவிட அது மேல்.

பிரமாணப் பத்திரத்தை நான் தயார் செய்து தருகிறேன், கட்டணம் வேண்டாம். அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்துக்கு ஒரு வேலைநாள் பிற்பகலில், அசல் கடிதங்களோடு வாருங்கள். வரும்போது 1987-ஆம் ஆண்டுக் கடிதத்தின் உறையை மறக்க வேண்டாம். நீங்கள் அனுப்பிய நகலில் லண்டன் தபால் முத்திரையின் வருடம் தெரிகிறது, மாதம் தெரியவில்லை. விடுதலையாகி எத்தனை நாளுக்குள் அவர் அதை எழுதினார் என்பது அந்த முத்திரையில் இருக்கிறது. அசலை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் படித்துவிடலாம்.